கடைசியில் கவனிக்கப்படுவர்

பெரியப்பாவின் பழைய அலமாரியைக் காலி செய்தபோது ஒரு கருப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. பின்னால் பேனாவில் 1973 என்று எழுதியிருந்தது. பெல்பாட்டம், அகலக் காலர் சட்டை, தோளைத் தொடும் முடி. "இது நீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். "நான்தான்டா. அடுத்த வருஷம் வெட்டிட்டேன். சிங்கப்பூர்ல வேலை கெடச்சிச்சுல்ல" என்றார்.

முடிக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? நானும் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் காஸ்வேயைக் கடக்கிறவன்தான். என் கடப்பிதழைப் பார்க்கிறார்கள், முடியை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் படத்துக்குப் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றதுமே 'மஞ்சள் கலாசாரம்' என்ற பெயரில் ஒரு துடைத்தொழிப்பு நடந்தது. காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகள்கூட அதில் போயின. அறுபதுகளின் இறுதியில் ஹிப்பிகள் வந்தார்கள். உண்மையில், ஹிப்பிகளின் படங்கள்தான் அதிகம் வந்தன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவை பத்திரிகைகளில் போதையும் நீள முடியுமாக அச்சாகின. இங்கே இருந்தவர்களோ பெரும்பாலும் பேண்ட் குழுப் பையன்கள், அவர்களைப் பார்த்து முடி வளர்த்த ரசிகர்கள், பெரியப்பா மாதிரி வாரக் கடைசியில் கிதார் தட்டியவர்கள். ஆனால் முடி ஒன்றாக இருந்ததால் எல்லாரும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டார்கள்.

அரசாங்கத்தின் பயத்தை நான் முழுக்கக் கேலி செய்யமாட்டேன். 1965இல் தனித்து விடப்பட்ட நாடு. பிரிட்டிஷ் ராணுவம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது, அதை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வேலை போனது. ஜூரோங் தொழிற்சாலைகளுக்கு நேரத்துக்கு வரும் கைகள் வேண்டும். 'வேலை செய்யாதே, மிதந்துகொண்டிரு' என்று சொல்லும் ஒரு கூட்டம் அந்த நேரத்தில் யாருக்கும் இனிப்பாக இருந்திருக்காது.

ஆனால் அந்தப் பயத்தை எதை வைத்து அளந்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அரசாங்க அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. நீள முடி வைத்த ஆண்கள் கடைசியில் கவனிக்கப்படுவர் என்பது அதன் வாசகம். எது நீள முடி என்பதற்கு ஓவியத்தோடு வரையறை வேறு. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம். காதை மூடினால் நீளம். சாதாரணச் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம்.

நான் பொறியாளன், வரைபடத்தோடு வரும் வரையறை என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். டாலரன்ஸ் கொடுக்க மறந்துவிட்டார்களே என்றுதான் முதலில் சிரித்தேன். பிறகுதான் தோன்றியது: அளக்க வேண்டியதை அளக்க முடியாதபோது, அளக்க முடிந்ததை அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும் பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு. எழுபதுகளின் நடுவில் சிங்கப்பூரில் ஹெராயின் வேகமாகப் பரவியது. 1977இல் 'ஆப்பரேஷன் ஃபெரட்' என்ற பெரிய தேடுதல் வேட்டை நடத்த வேண்டியிருந்தது. அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை தேவைப்பட்டது. காலர் அளவு உதவவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கும் இதே விதிதான். 1972இல் லெட் செப்பலின் குழு சிங்கப்பூரில் நடத்தவிருந்த கச்சேரி முடியால் நின்றுபோனது. 1984இல் ஜப்பானிய இசைக்கலைஞர் கிட்டாரோவுக்கும் அதே கதி. பெரிய பெயர்கள் என்பதால் இவை செய்தியாகின. எனக்கு முக்கியமாகப் படுவது 1970 ஆகஸ்டில் நடந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் மூன்று மலேசிய இளைஞர்களைப் பிடித்து, காவலில் வைத்து, முடியை வெட்டிவிட்டார்கள். மலேசியாவில் எழுந்த கோபத்தில் லீ குவான் இயூவின் கோலாலம்பூர்ப் பயணமே தள்ளிப்போனது. மூன்று பேரின் முடி இரண்டு நாடுகளின் பிரச்சினையானது.

பெரியப்பாவுக்கு அந்தக் கதை தெரியும். அதனால்தான் முதல்நாளே ஜொகூர் பாருவில் வெட்டிக்கொண்டு போனாராம். கூடப் போன கூட்டாளி வெட்டவில்லை. ஏதோ ஒரு கவுண்டரில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாராம். "யாரும் திட்டல. பேசாம உட்கார வச்சிட்டானுங்க. அதுதான் கேவலமா போச்சு" என்றார்.

அப்போது கோபப்பட்ட நாம் பிறகு என்ன செய்தோம்? எண்பதுகளில் 'ரோக் காப்பாக்' அலை. அதன் பெரிய குழுவான சர்ச் எங்கள் ஜொகூர் பாருவில் பிறந்தது. அப்பாவிடம் அவர்கள் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன. 1992இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீள முடிக்காரர்களுக்கு ஆர்டிஎம் திரையில் இடமில்லை என்றார். சர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் ஊர் பார்க்க முடியை வெட்டிக்கொண்டார்கள். சிங்கப்பூரில் அது கவுண்டரோடு முடிந்த அவமானம். இங்கே முடியைக் காட்டமாட்டேன் என்ற ஊடகத்துக்கு, அதை வெட்டுவது மட்டும் நல்ல காட்சியாகிவிட்டது.

சிங்கப்பூரின் ராக் பாடகர் ரம்லி சாரிப் வெட்டவில்லை. அதனால் தொலைக்காட்சி வாய்ப்புகளை இழந்தார். 2019இல் தேசிய கீதத்தின் புதிய இசை வடிவத்தைப் பாட அந்த நாடு அழைத்தது அவரைத்தான். நீள முடியோடுதான் பாடினார். அந்தக் காணொளியைப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை பார்த்தார்.

நான் படிவம் நான்கில் இருந்தபோது, 2013இல், உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. இந்தியர்கள்தான் அதிகம் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கும்பல்கள் இருந்தது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கட்டொழுங்கு ஆசிரியரின் கண் எங்கள் பின்கழுத்தில்தான். டி-சட்டையில் எட்டு என்ற எண் இருந்தால் விசாரணை. காற்பந்து சட்டையாக இருந்தாலும்.

இதையெல்லாம் அனுபவித்தவன் என்பதால் எனக்குத் தெளிவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். போன வருடம் வேலையிடத்தில் பயிற்சி மாணவர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பு வந்தது. ஒரு தமிழ்ப் பையன். பக்கவாட்டில் மழித்து, பின்னால் காலருக்குக் கீழே வால்போல முடி, காதில் கடுக்கன். பக்கத்திலிருந்த சக ஊழியர் மெல்ல, "கேங் மாதிரி இருக்கான்ல?" என்றார். பிஎல்சி பற்றிய கேள்விகளுக்கு அன்று வந்த ஆறு பேரில் அவன்தான் ஒழுங்காகப் பதில் சொன்னான். படிவத்தில் 'தோற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது, ஐந்துக்கு. நான் 2 போட்டேன். சக ஊழியர் போடவில்லை, நான்தான் போட்டேன். அவன் தேர்வாகவில்லை.

இதைப் பெரியப்பாவிடம் நான் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன். "அப்புறம் எப்பவாச்சும் திரும்ப வளத்தீங்களா?"

"எங்க? பெர்மிட்டு முடிஞ்சு வீட்டோட வந்து உக்காரறதுக்குள்ள வழுக்க விழுந்திருச்சு" என்று தலையைத் தடவிக்கொண்டார்.