பாக்கு, இணைப்புத் திசு, வாய்ப்புற்று: கொல்லிமலையை முன்வைத்து ஒரு வாதம்

புற்றுநோய் என்றதும் கட்டுமீறிப் பெருகும் செல்லே நினைவுக்கு வருகிறது. வாய்ப்புற்றில் அது வாயின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல். அதற்கு அடியில் இணைப்புத் திசு உண்டு. கொலாஜன் நாரைச் சுரந்து அத்திசுவைக் கட்டிக்காப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். கொல்லிமலை போன்று வெற்றிலை பாக்குப் பழக்கம் ஊறிய பகுதிகளில் வாய்ப்புற்றைத் தடுக்க முனைவோர், மேற்பரப்புப் புண்ணோடு நின்றுவிடாமல் இந்த அடித்திசுவையும் கவனிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

புற்றின் பரவலுக்குப் புற்றுச்செல் என்ற விதை மட்டும் போதாது, அது ஊன்றும் இடம் என்ற ஏற்ற மண்ணும் வேண்டும் என்று லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் 1889இல் எழுதினார். நெடுங்காலம் ஆய்வுலகம் விதையையே ஆராய்ந்தது. 1999இல் வெளியான புராஸ்டேட் ஆய்வு ஒன்று கவனத்தை மண்ணின் பக்கம் திருப்பியது. புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டுகளோடு சேர்த்து வளர்த்தபோது, தாமாகக் கட்டியாகாத எபிதீலியச் செல்கள் கட்டியாயின. நலமான திசுவின் ஃபைப்ரோபிளாஸ்டுகள் அதைச் செய்யவில்லை.

நம் நாட்டில் இதற்கு மிக நெருங்கிய சான்று, வாயின் அடித்திசு நாராகித் தடிக்கும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்ற நோய். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்ட இந்நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் விவரித்தார். மறு ஆண்டு பம்பாயின் ஜோஷி இன்றைய பெயருக்கு வழிசெய்தார். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் ஃபைப்ரோபிளாஸ்டைத் தூண்டுவதால் கொலாஜன் மிகுதியாகச் சேர்கிறது. பாக்கின் டானின் அந்தக் கொலாஜன் சிதையாமல் காக்கிறது. பாக்கிலுள்ள செம்பு, நார்களைக் குறுக்கே பிணைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. சுரப்பு கூடி, சிதைவு குறைந்து, பிணைப்பும் இறுகினால் கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பட்டை பட்டையாகத் தடித்துப்போவதில் வியப்பில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயாளிகள் 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் ஐவருக்குப் புற்று வந்தது. 1985இல் வெளியான கணக்கு அது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பாக்கின் நச்சு எபிதீலியத்தையும் நேரடியாகத் தாக்குகிறதே, நார்ப்பெருக்கம் புற்றுக்குக் காரணமா, வெறும் உடன்விளைவா? நியாயமான கேள்வி. பாக்கிலிருந்து உண்டாகும் நைட்ரோசமைன்கள் மரபணுவைச் சிதைக்கக்கூடியவை. ஆனால் அதைக் கொண்டு அடித்திசுவின் பங்கைத் தள்ளிவிட முடியாது. இறுகிய திசுவில் ரத்தநாளங்கள் குறைந்து ஆக்சிஜன் தட்டுப்படுகிறது. விறைத்த கொலாஜனே மேலுள்ள செல்களின் பெருக்கச் சமிக்ஞைகளை மாற்றுகிறது. பழக்கத்தை விட்ட பிறகும் முற்றிய நார்கள் பெரும்பாலும் கரைவதில்லை. விதையும் மண்ணும் ஒரே நஞ்சால் ஒருசேரக் கெடுகின்றன என்பதே என் முடிவு.

அப்படியானால் ஃபைப்ரோபிளாஸ்டுகளை ஒழித்துவிடலாமே என்றால், அது ஆபத்து. 2014இல் கணையப் புற்றுள்ள எலிகளில் இத்தகைய செல்களை நீக்கியபோது புற்று மேலும் மூர்க்கமானது, எலிகள் விரைவில் மடிந்தன. இந்தச் செல்களில் சில புற்றை வளர்க்கின்றன, சில அடக்கி வைக்கின்றன. ஆகவே திசுவைக் கெடவிட்டபின் மருந்து தேடுவதைவிட, கெடாமல் காப்பதே இப்போதைக்கு நம் கையில் இருக்கும் வழி.

கொல்லிமலையில் இதன் பொருள் மிகத் தெளிவு. சிறப்பு மருத்துவம் வேண்டுமென்றால் மலைமேலுள்ள செம்மேட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அந்தப் பயணம் தேவைப்படும் முன்பே சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸின் அடையாளங்கள் தெரிந்துவிடும். “காரம் தாங்கல, வாய் எரியுது” என்பது முதல் முறையீடு. பிறகு வாய் முழுதாகத் திறக்க வராது. வளர்ந்த ஒருவர் தம் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை நெட்டுக்கு அடுக்கி முன்பற்களிடையே நுழைக்க முடிய வேண்டும். இரண்டு விரலே நுழைந்தால் சந்தேகம் கொள்ளலாம். இதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை.

புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2003இல் அறுதியிட்டது. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவுக்குத் தடை வந்தது. வெறும் பாக்கு இன்றும் கடையில் தொங்குகிறது. “பொகையில போடறதில்ல, பாக்கு மட்டுந்தான்” என்று யாராவது சொன்னால் அதை நல்ல பதிலாக ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகச் செல்லும் பணியாளர்கள் இந்த மூன்று விரல் சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அதற்கான பதிவுப் பத்தியைச் சுகாதாரத் துறை உடனே சேர்த்துத் தர வேண்டும்.