மீட்டர் வைக்கலாமா? ஒரு பெங்களூர்த் தண்ணீர்க் கணக்கு

போன மாதம் எங்கள் அடுக்ககச் சங்கத்தில் ஒரு கூட்டம். தீர்மானம் ஒரே ஒரு வரிதான்: 96 வீட்டிலும் ஸ்மார்ட் தண்ணீர் மீட்டர் பொருத்துவது, சம்மதமா இல்லையா? பத்து நாளில் பதில் தர வேண்டும். ஒரு வரித் தீர்மானத்துக்கு நான் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. பெங்களூர் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வாடகை வீடு, சொந்த வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இதைவிடச் சீக்கிரம் முடிவு செய்திருக்கிறேன்.

எங்கள் நிலவரம் இதுதான். குடிநீர் வாரியத்தின் இணைப்பு வாசலில் ஒன்று. அதற்கு மீட்டர் உண்டு. பத்தாததற்கு இரண்டு போர்வெல், அதுவும் பத்தாததற்கு டாங்கர். எல்லாம் கீழே தொட்டியில் கலந்து, மேலே ஏறி, வீட்டுக்கு நாலு குழாய் வழியாக இறங்குகிறது: சமையலறை, இரண்டு குளியலறை, துவைக்கும் இடம். செலவை சதுர அடிக் கணக்கில் பிரித்துப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஆறு பேர்: அப்பா, அம்மா, நான், தங்கமணி, பிள்ளைகள் இரண்டு. நேர் மேல்வீட்டில் அதே அளவு வீடு, ஒரே ஒரு பையன், மாதத்தில் பாதி நாள் ஊர்சுற்றும் வேலை. அவனும் நானும் தண்ணீருக்குக் கட்டுவது ஒரே தொகை. அதாவது இத்தனை வருஷமாக என் அப்பா குளிப்பதற்கு அந்தப் பையனும் சேர்ந்து காசு கட்டிக்கொண்டிருக்கிறான். மீட்டர் வந்தால் எனக்கு நஷ்டம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கீழே நான் பேசும் நியாயங்களை நீங்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம் :-)

சதுர அடிக்குத் தண்ணீர்க் காசு என்பது ஏதோ நம் ஊர் அசட்டுத்தனம் என்று நினைத்திருந்தேன். இல்லை. இங்கிலாந்தில் நெடுங்காலம் வீட்டின் வாடகை மதிப்பை வைத்துத்தான் தண்ணீர்க் கட்டணம் போட்டார்கள். பெரிய வீடு என்றால் நிறையத் தண்ணீர் செலவழியும் என்று ஓர் ஊகம். இத்தனைக்கும் மீட்டர் அங்கே 1850களிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறிய வில்லியம் சீமென்ஸ் செய்த மீட்டர் நன்றாகவே விலைபோனது. கருவி இருந்தும் வீட்டுக்குள் விட மனசு வரவில்லை. அதற்கு வெகுகாலம் முன்னால், ரோமாபுரியில் குழாயின் வாயளவுதான் மீட்டர். முத்திரை குத்திய வெண்கல வாயை வாய்க்காலில் பதிப்பார்கள். அந்த வாய் எத்தனை பெரிசோ அத்தனை தண்ணீர். கி.பி. 97ல் தண்ணீர் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஃபிராண்டினஸ் என்பவர் கணக்குப் பார்த்தபோது, வாய் சரியான அளவில் இருக்க, அதற்கப்புறம் பெரிய குழாயைச் சொருகித் திருடியிருந்தார்களாம். மீட்டரில் காந்தம் வைக்கும் நம் ஆட்கள் அவர்களுடைய பங்காளிகள்தான்.

நம் சென்னையிலும் பெரும்பாலான வீடுகளில் மீட்டர் கிடையாது. சொத்து மதிப்பை வைத்துத் தண்ணீர் வரி, அதோடு ஒரு நிலையான கட்டணம், அவ்வளவுதான். பெங்களூர் இந்த விஷயத்தில் இந்தியாவிலேயே கொஞ்சம் வித்தியாசமான ஊர். வாரியம் 1964ல் வந்தது. அதன் இணைப்புகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் மீட்டர் உண்டு. ஏன் இந்தக் கறார் என்று தேடிப் போனால் ஊரின் கதையே வந்துவிடுகிறது.

பெங்களூருக்கு ஆறு கிடையாது. 1537ல் கெம்பே கௌடா ஊரை அமைத்த காலந்தொட்டு ஏரிதான் கதி. இன்றைக்கு நாம் மெஜஸ்டிக்கில் ஊர்ப் பஸ் ஏறுகிறோமே, அது தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியின் மேல் நிற்கிறது. 1809ல் வெள்ளைக்காரன் கண்டோன்மெண்ட் போட்டான். பட்டாளத்தோடு நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து அல்சூர் பக்கம் குடியேறினார்கள். கூட்டம் பெருக ஏரிகள் பத்தவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தையும் புரட்டிப் போட்டது. 1882ல் சாங்கி ஏரி வெட்டினார்கள். அதுவும் பத்தவில்லை.

அப்போது திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர், 1883லிருந்து 1901 வரை திவான். அவர் காலத்தில்தான் ஊருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் அர்க்காவதி ஆற்றை மறித்துத் தேக்கி, நீராவிப் பம்பு வைத்துத் தள்ளி, 1896 வாக்கில் குழாய்த் தண்ணீர் வந்தது. முப்பது வருஷம் ஓடியது. 1920களின் நடுவில் மழை பொய்த்து ஹெசரகட்டா வறண்டதும், அதே அர்க்காவதியில் இன்னும் கீழே திப்பகொண்டனஹள்ளியில் அணை, 1933ல். அதுவும் பத்தாமல் 1974ல் காவிரி.

இந்தக் காவிரிதான் விஷயம். தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், மூன்று இடத்தில் பம்பு செய்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் மேலே தள்ளிக் கொண்டுவர வேண்டும். சமையலறைக் குழாயைத் திறந்தால் வருவது தண்ணீர் பாதி, மின்சாரம் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை காசு போட்டு ஏற்றும் தண்ணீரை அளக்காமல் விட எந்த வாரியத்துக்கும் கட்டாது. 1974, 1982, 1993, 2002, 2012 என்று கட்டம் கட்டமாக வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில், நாளுக்கு 77.5 கோடி லிட்டர். 2007ல் நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு அது. நாங்கள் அந்தக் கிராமங்களில் ஒன்றில் இருக்கிறோம், அதனால் வாசல் வரைக்கும் மீட்டர் போட்ட காவிரி வந்துவிட்டது. வாசலைத் தாண்டினால் சதுர அடி!

இனி அப்பா. எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. அங்கே தண்ணீருக்கு முறை உண்டு, லிட்டர் கிடையாது. இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அடுத்து அந்த ஆற்றுக்கு. லஸ்கர் ஷட்டரைத் தூக்குவார், நம் வாய்க்காலுக்கு வரும்போது ராத்திரி இரண்டு மணியானாலும் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். 2023ல் பருவமழை சரியில்லை. 2024 மார்ச்சில் பெங்களூர் டாங்கருக்கு அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குடிதண்ணீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம், குழாய் வாயில் ஏரேட்டர் கட்டாயம், 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டாங்கர் 1000 ரூபாய் என்று அரசாங்கமே விலை வைத்தது. அதே வருஷம் மேட்டூர் ஜூன் 12ல் திறக்கவில்லை; ஜூலை 28 ஆகிவிட்டது. குறுவை போச்சு. அப்பா அம்மாவை இங்கே அழைத்துக்கொண்டு வந்தேன். ஒரே வறட்சி இரண்டு பக்கமும் அடித்து, கடைசியில் ஒரே வீட்டில் வந்து உட்கார்ந்தது.

அப்பாவுக்கு மீட்டர் என்றால் பிலிகுண்டுலுதான். கர்நாடகம் விடும் காவிரியை மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் இடம். வீட்டு மீட்டரைப் பற்றிச் சொன்னதும், “அங்க அளக்கிற மாதிரி உன் வீட்டு வாசல்லயும் ஒருத்தன் உக்காந்து அளக்கப் போறான், அதானே?” என்றார். அதானே!

2018 பிப்ரவரி 16ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2007ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குச் சொன்ன 192 டி.எம்.சி. 177.25 ஆனது. குறைந்த 14.75ல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது, பாதித் தேவையை நிலத்தடி நீர் பார்த்துக்கொள்ளும் என்ற நடுவர் மன்றத்தின் கணக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் கணக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. குடிநீருக்கு எடுத்ததில் 20 சதவீதம்தான் செலவு, மீதி கழிவுநீராக ஆற்றுக்கே திரும்பும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்பாவிடம் விளக்கினேன். “சாக்கடையாத் திரும்பி வந்தா நாத்து விடலாமாடா?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்துவிட்டார்.

அந்த 4.75ல்தான் நாங்கள் பல் தேய்க்கிறோம். கடைமடையிலிருந்து வந்து தலைமடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, எங்கள் வயலுக்கு வர வேண்டியதை எங்கள் ஃபிளஷ் டாங்கில் ஊற்றிக்கொள்கிறோம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த ஊரில் தமிழர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததெல்லாம் இந்தத் தண்ணீருக்காகத்தான். 2016ல் இரண்டு நாள் நாங்கள் வீட்டுக்குள் மெதுவாகப் பேசினோம். எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மாதான் பால் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களும் நம் தண்ணீர், நாமும் அவர்கள் தண்ணீர் என்றாகிவிட்ட ஊரில், யார் எவ்வளவு எடுக்கிறோம் என்று தெரியாமலிருப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

சரி, மீட்டருக்கு வருவோம். சங்கத்தில் முடிவெடுக்குமுன் நாலு வீட்டில் மாதிரிக்கு வைக்கலாம் என்றார்கள். கை தூக்கினேன். நாலு குழாய்க்கும் நாலு மீட்டர். பழைய மீட்டர் போல உள்ளே சுழலும் சக்கரம் இல்லை. ஒலியலையைத் தண்ணீரின் போக்கிலும் எதிர்ப்போக்கிலும் விட்டு நேர வித்தியாசத்தில் அளவு கண்டுபிடிக்கிறது. சக்கரம் போட்ட மீட்டர் நூலாக ஒழுகும் தண்ணீருக்கு அசையாது, காற்றடித்தால் சுற்றும். இது சின்ன ஒழுகலையும் பிடித்துவிடும். மணிக்கொரு தடவை கணக்கு ஃபோனுக்கு வரும்.

மூன்றாம் நாளே பிடித்துவிட்டது. ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணி வரை, எல்லோரும் தூங்கும்போது, மணிக்கு 12 லிட்டர். பிள்ளைகள் குளியலறை ஃபிளஷ் டாங்கில் வால்வு தேய்ந்து சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு 288 லிட்டர்! ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்க அளவு. எங்களுக்கே தெரியாமல் வீட்டில் இரண்டு பேர் கூட இருந்த மாதிரி. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “மதகு ஒழுகுதுடா, ரப்பரை மாத்து” என்றார். நூற்றைம்பது ரூபாயில் முடிந்தது. மீட்டர் பக்கம் நான் முழுசாகச் சாய்ந்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் தங்கமணிதான் கவனித்தாள். “மாமா குளிக்கிற சத்தமே கேக்கலை, பாத்தீங்களா?” பார்த்தேன். காலை 5 மணிக் கணக்கில் முன்பு எண்பது லிட்டர் இருந்த இடத்தில் இருபது. வாய்க்காலில் முங்கிக் குளித்தே வளர்ந்த மனுஷர், பாதி வாளியில் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். என் பெண், பாட்டு மார்க் சொல்வது போல, “தாத்தா, உங்க பாத்ரூம்தான் ஃபர்ஸ்ட்” என்று ஃபோனைக் காட்டியிருக்கிறாள். விளையாட்டாகத்தான்.

“என்னப்பா இது, நீங்க நல்லா ஊத்திக் குளிங்க” என்றேன்.

“இல்லடா, கணக்கு வச்சிருக்காங்கல்ல” என்றார்.

அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ராத்திரி ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அம்மா எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போனாள் என்பது வரைக்கும் அதில் இருந்தது. இந்தக் கணக்கு என் ஃபோனுக்கு மட்டுமில்லை, சங்கச் செயலாளர் ஃபோனுக்கும் மீட்டர் கம்பெனிக்கும் போகிறது. லஸ்கருக்குக்கூட எங்கள் வயல் எத்தனை மணிக்கு நனைந்தது என்று தெரியும். எங்கள் அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று தெரியாது.

கடைசியில் ‘சம்மதம்’ என்றே எழுதிக் கொடுத்தேன். ஆனால் கூடவே மூன்று வரி சேர்த்தேன். ஒன்று, அடிப்படை அளவை வீட்டுக்கு இத்தனை என்று வைக்காமல் ஆளுக்கு 135 லிட்டர் என்று வையுங்கள். அதற்கு மேல் போனால் எவ்வளவு வேண்டுமானாலும் விலை போடுங்கள். (எங்கள் ஆறு பேருக்கு மாதம் 24,300 லிட்டர் வரும். எனக்குச் சாதகம்தான், தெரியும். ஆனால் மேல்வீட்டுப் பையனுக்கும் இனி எங்கள் பங்கு விழாது.) இரண்டு, சங்கத்துக்கு மாதக் கூட்டுத்தொகை மட்டும் போதும், மணிக்கணக்கு அந்தந்த வீட்டாருக்கு மட்டும். மூன்று, கம்பெனி மூடிப் போனாலும் மீட்டர் முகத்தில் எண்ணைப் படித்துக் கணக்குப் போட முடிய வேண்டும். பாட்டரி தீர்ந்தால் யார் செலவு என்பதை இப்போதே எழுதுங்கள்.

முதல் வரிக்குக் கூட்டத்தில் நல்ல சண்டை. யார் வீட்டில் எத்தனை பேர் என்று யார் எண்ணுவது, ஊரிலிருந்து மாமியார் வந்தால் சேர்த்தியா, வேலைக்கு வரும் அம்மா கணக்கில் உண்டா என்று இரண்டு மணி நேரம். இரண்டாவது வரியை ஒருத்தரும் எதிர்க்கவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள் போல. மூன்றாவதைக் கம்பெனியிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள், பதில் வரவில்லை. 61 பேர் சம்மதம். அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது.

என் ஃபோனில் மணிக்கணக்கு வரும் பக்கத்தை மூடிவிட்டேன், ஒழுகினால் மட்டும் சொல்லும்படி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் மாதிரி மீட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. இரண்டாவது வாளியும்.