மெழுகுவத்தியும் அஞ்சுல ஒரு பங்கும்

போன வாரம் ஒரு சாயங்காலம் கரண்ட் போயிடுச்சு. மெழுகுவத்தியை ஏத்தி வச்சேன். ஏழாவது படிக்கிற எங்க வீட்டு வாண்டு சும்மா இருப்பானா? தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல மெழுகுவத்தியை நட்டு, மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்துட்டான். கிளாஸ்ல அன்னிக்குத்தான் செஞ்சு காமிச்சாங்களாம்.

நீங்களும் படிச்சிருப்பீங்க. சுடர் அணையும், டம்ளருக்குள்ள தண்ணி ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். நான் எட்டாவதுல இதை படம் போட்டு எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கினவன். (படத்துக்கே ரெண்டு மார்க்!)

பையன் கேட்டான்: "அப்பா, எரியறப்ப தண்ணி ஏறவே இல்லையே. அணைஞ்சப்புறம்தானே சர்ருனு ஏறுது? ஆக்ஸிஜன் கொஞ்சம் கொஞ்சமாத்தானே தீரும்?"

மறுபடி செஞ்சு பார்த்தோம். அவன் சொன்னது சரி. டம்ளரைக் கவுக்கறப்பவே ஓரத்துல ரெண்டு மூணு குமிழி வெளிய போறதையும் காமிச்சான். மூணு மெழுகுவத்தி வச்சா இன்னும் உயரமா ஏறுது. டம்ளர் அதே டம்ளர், உள்ள இருக்கற காத்தும் அதே அளவு. அப்ப எப்படி? நான் முழிச்சேன் :-)

விஷயம் இதுதான். சுடர் பக்கத்துல இருக்கற காத்து சூடாகி விரியுது, கொஞ்சம் வெளிய ஓடிடுது. சுடர் அணைஞ்சதும் மிச்சக் காத்து ஆறிச் சுருங்குது, தண்ணி உள்ள வருது. மூணு சுடர்னா சூடு அதிகம், ஏத்தமும் அதிகம். ஆக்ஸிஜனும் முழுசாத் தீர்றதில்லை. 21 விழுக்காட்டில் இருந்து சுமார் 16-க்கு இறங்கினாலே மெழுகுவத்தி அணைஞ்சுடும். செலவான ஆக்ஸிஜனுக்குப் பதிலா, அதுல மூணுல ரெண்டு பங்கு அளவுக்கு கரியமில வாயு வந்து உட்கார்ந்துடுது. ஆக்ஸிஜன் குறையறதால கொஞ்சம் ஏறும், இல்லைன்னு சொல்லலை. ஆனா பெரும்பங்கு சூட்டோட வேலை.

சரி, இது எங்கேருந்து வந்துச்சுன்னு நோண்ட ஆரம்பிச்சேன். ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு, திட்டு தனி.

இந்தச் சோதனைக்கு வயசு சுமார் 2200 வருஷம்! பைசாந்தியம் ஊரைச் சேர்ந்த ஃபைலோ என்ற கிரேக்கப் பொறியாளர் தன் காற்றியல் நூலில் இதை விவரித்திருக்கிறார். அந்த நூல் நம் கைக்கு வந்ததே அரபு, லத்தீன் மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான். நெருப்பு காற்றை அழித்துவிடுகிறது, அதனால் தண்ணீர் ஏறுகிறது என்பது அவர் கணக்கு. 1674-இல் இங்கிலாந்தின் ஜான் மேயோ இதே மாதிரி கவிழ்த்த கண்ணாடிக்குள் மெழுகுவத்தியையும் எலியையும் வைத்துப் பார்த்து, காற்றில் ஒரு பகுதி மட்டுமே எரிவதற்கும் மூச்சுக்கும் பயன்படுகிறது என்றார். ஆக்ஸிஜன் என்ற பெயர் வருவதற்கு நூறு வருஷம் முன்னால்!

1774 ஆகஸ்ட் 1 அன்று பிரீஸ்ட்லி, பெரிய லென்ஸால் வெயிலைக் குவித்து, பாதரசத்தின் சிவப்புப் பொடியைச் சூடாக்கி அந்த வாயுவைப் பிடித்தார். ஸ்வீடனில் ஷீலே அதற்கு முன்பே பிடித்துவிட்டார், ஆனால் புத்தகம் 1777-இல்தான் வந்தது. இந்தச் சண்டை தனிப் பதிவுக்கு ஆகும், விடுங்க.

என்னை நிறுத்தினவர் லவாய்சியர். 1789-இல் வந்த அவருடைய வேதியியல் நூலில் இருக்கும் சோதனை இது. வளைந்த கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் 4 அவுன்ஸ் பாதரசம். குடுவையிலும் அதோடு சேர்ந்த கவிழ்ந்த கண்ணாடியிலுமாக 50 கன அங்குலம் காற்று. கொதிநிலையை ஒட்டியே 12 நாள் சூடாக்கினார். இரண்டாம் நாள் பாதரசத்தின் மேல் சிவப்புத் துகள்கள் தோன்றின. கடைசியில் மிஞ்சிய காற்று 42, 43 கன அங்குலம். அதில் மெழுகுவத்தி அணைந்தது, பிராணிகள் மூச்சுத் திணறின. பிறகு அந்தச் சிவப்புத் துகளைத் தனியாக எடுத்து இன்னும் கடுமையாகச் சூடாக்கினால், காணாமல் போன 7, 8 கன அங்குலம் வாயுவும் திரும்பக் கிடைத்தது! எடுத்ததைத் திருப்பிக் காட்டிவிட்டார் மனுஷன்.

இதுல ஒரு சின்ன வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஆரம்பத்தில் காற்றை அளந்தது 10 டிகிரி வெப்பத்தில், 28 அங்குல அழுத்தத்தில். கடைசியில் அளந்தபோதும் ஆறவிட்டு, அதே 10 டிகிரி, அதே 28 அங்குலம் என்று சரிக்கட்டித்தான் கணக்கு எழுதியிருக்கிறார். சூட்டால் வரும் ஏமாற்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தவிர, பாதரசம் ஆக்ஸிஜனைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், மெழுகு மாதிரி பதிலுக்கு வேறு வாயுவை விடாது.

பன்னிரண்டு நாள் சோதனை நாப்பது நிமிஷ பீரியடுக்குள்ள அடங்குமா? பாதரசம் வேற விஷம். அதனால மெழுகுவத்தி சுலபம்னு வகுப்பறைக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கும்னு நினைக்கிறேன். விடை மட்டும் லவாய்சியரோடது, சோதனை ஃபைலோவோடது! அந்த "ஐந்தில் ஒரு பங்கு" பல டம்ளர்ல கிட்டத்தட்ட சரியா வேற வந்து தொலைக்குது, அதான் யாருக்கும் சந்தேகம் வரலை. எனக்கு வந்துச்சா? தண்ணி அணைஞ்சப்புறம்தான் ஏறுதுன்னு நானும் கண்ணால பார்த்தவன்தானே. ரெக்கார்ட் நோட்டுல "மெல்ல மெல்ல ஏறியது"ன்னு எழுதினேன்.

அடுத்த வாரம் பையனுக்குப் பரிட்சை. எதை எழுதறதுன்னு கேட்டான். "புத்தகத்துல இருக்கறதை எழுதுடா, மார்க் போயிடும்" அப்படின்னு சமையலறையிலேருந்து சத்தம். நான் வாயைத் திறக்கலை. நோட்டுல எழுதிக் குடுத்ததை எழுதிட்டு, கீழே "ஆனால் நான் பார்த்தபோது" ன்னு நாலு வரி சேர்க்கட்டுமான்னு கேட்டான். சேருடான்னேன். டீச்சர் என்ன சொல்வாங்களோ, தெரியாது.

இதுக்கு நடுவுல இன்னொரு வேலை. தெருமுனை லேத்துப் பட்டறைல கொஞ்சம் இரும்புத் தூள் வாங்கி, 15 செ.மீ. கண்ணாடிக் குழாய்க்குள்ள ஈரமா ஒட்டி, தண்ணி டம்ளர்ல கவுத்து வச்சிருக்கோம். துருப்பிடிக்கிறது ஆக்ஸிஜனை எடுத்துக்கும், பெருசா சூடும் கிடையாது, புகையும் கிடையாது. ஐந்தில் ஒரு பங்குன்னா 3 செ.மீ. வரணும். தினமும் காலைல பல் விளக்கறதுக்கு முன்னாடி ஸ்கேலோட போய் நிக்கிறான். மூணாம் நாள் ரெண்டரை செ.மீ.

"போதும்டா, எடுத்துடலாமா"ன்னேன்.

"அவரு பன்னெண்டு நாள் வெயிட் பண்ணாருல்ல, இருப்பா" என்கிறான்.