மண்ணுக்குள் உறங்கும் கடாரம்

இலண்டன் மாநகரில் வைன் தெரு என்றொரு தெரு உண்டு. 1905-ஆம் ஆண்டு அங்குக் கட்டடம் எழுப்ப நிலத்தைத் தோண்டியபோது, உரோமானியர் கட்டிய நகர மதிலின் ஒரு பகுதி வெளிப்பட்டது. அதனை இடித்து எறியாமல் நிலவறையில் விட்டுவைத்து, மேலே கட்டடம் எழுப்பினர். பின்னாளில் அக்கட்டடமும் போயிற்று. இன்று அவ்விடத்தில் மாணவர் விடுதி நிற்கின்றது. மதிலோ அதனடியில் பத்திரமாக இருக்கின்றது. 2023-இல் பொதுமக்கள் பார்வைக்கும் திறந்துவிட்டனர்.

இதனை அறிந்தபோது நம் கெடா மாநிலத்தை எண்ணிப் பெருமூச்செறிந்தேன்.

குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றையொட்டிப் பரந்து கிடப்பது பூசாங் பள்ளத்தாக்கு. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த பழம்பதி இதுவே. 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை இங்கு வந்ததை நம்மவர் அனைவரும் அறிவர். அதற்கு முன்பே, இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினான் என்பதும், ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்குக் கொடையாக விடப்பட்டது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போருக்கு முன் நட்பு இருந்தது. இங்குள்ள கட்டட எச்சங்கள் அனைத்தையும் சோழர் கட்டியவை என்று சொல்லி மகிழ்வது நம்மிடையே உள்ள பழக்கம். அது வரலாறாகாது, பல எச்சங்கள் அப்படையெடுப்புக்கும் முற்பட்டவை.

1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கில அறிஞர், தம் துணைவியார் டோரத்தியுடன் இங்கு அகழாய்வு நடத்தி, கண்ட இடங்களுக்கு வரிசை எண் இட்டார். எட்டாம் எண்ணைப் பெற்றது புக்கிட் பத்து பகாட் கோவில். மலாய் மொழியில் இத்தகைய கட்டடங்களைச் 'சண்டி' என்பர். அலஸ்டர் லாம்ப் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அதன் கற்களை மீண்டும் அடுக்கிச் சீரமைத்தார். ஓடைக்கரையில் இன்றும் அதன் அடித்தளத்தையும் மண்டபத் தூண்களின் அடிக்கற்களையும் காணலாம். பெங்காலான் பூசாங், பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களின் எச்சங்களைப் பெயர்த்துக் கொணர்ந்து, மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மீண்டும் நிறுவினர்.

பதினோராம் எண்ணுக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. சுங்கை பத்து தோட்டத்தில், தனியார் நிலத்தில், அடித்தளம் மட்டுமே எஞ்சியிருந்த கோவில் அது. ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமை உடையது என்றனர். வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இயந்திரங்கள் அதனை வாரிச் சென்றுவிட்டன. 2013 டிசம்பரில்தான் செய்தி வெளிவந்தது. பூசாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவர் டத்தோ வீ. நடராஜன் போன்றோர் குரல் எழுப்பினர். அவ்விடம் மரபுடைமையாக அரசிதழில் பதிவு பெறவில்லை என்பதே கிடைத்த விளக்கம். தேசிய மரபுடைமைச் சட்டமோ 2005-இலேயே இயற்றப்பட்டுவிட்டது! எண்ணிட்டு முக்கால் நூற்றாண்டு கழிந்தும் ஓர் எச்சத்தைப் பதிவேட்டில் சேர்க்க நேரம் கிடைக்கவில்லை.

அதே சுங்கை பத்துவில், செம்பனை மரங்களுக்கிடையே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழாய்வு செய்து, இரும்பு உருக்கிய உலைக்களங்களையும் களிமண் துருத்திக் குழாய்களையும் படகுத்துறைச் செங்கற்களையும் வெளிக்கொணர்ந்துள்ளனர். செங்கற்கட்டடம் ஒன்றின் காலத்தைக் கி.பி. 110 எனக் கணித்தனர். தோட்டத்து மேடுகள் எல்லாம் வெறும் மண்மேடுகள் அல்ல என்பது இதனால் தெரிகின்றது.

மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்கள் மெர்போக் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல், செமலிங் அருகிலுள்ள சுங்கை பத்துவையும் காட்டி வருவார்களாக. வெயில் கடுமையாக இருக்கும். காலையிலேயே செல்வது நன்று.