ஒரு மடை, இரண்டு காவல்காரர்கள்



காலஞ்சென்ற எங்கள் அத்தான் நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகள் எங்கே என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவை 2001-ல் விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் அவரே தட்டச்சு செய்தவை. அன்றைக்குத் தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொதுத் தரம் வகுத்தார்கள். தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது 2010-ல்தான். அத்தானின் மென்பொருள் இன்றைய விண்டோஸில் திறக்கவே மாட்டேன் என்கிறது.

அதனால் தங்கை மகன் என் லேப்டாப்பில் ஒரு மெய்நிகர் கணினி அமைத்தான். கணினிக்குள் இன்னொரு கணினி. அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. அது ஓடவில்லை. ஆன்டிவைரஸ்தான் தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை முழுவதுமாக நிறுத்திவிட்டான். அன்று மாலையே ஒரு பென் டிரைவ் வைரஸ் உள்ளே வந்து கோப்புகளையெல்லாம் மறைத்து ஷார்ட்கட் ஆக்கியது. பதற்றத்தில் பையன் டிரைவை ஃபார்மட் செய்துவிட்டான். அலமாரியில் பழைய குறுந்தகடு ஒன்று கிடந்ததால் பிழைத்தோம்.

அவனைத் திட்டி என்ன பயன்? இந்த இரண்டும் ஏன் சண்டை போடுகின்றன என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லையே. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தை 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் பெரிய கணினிகளுக்கு விற்பனைக்கு வந்தது. நம் மேசைக் கணினிகளுக்கு அதை 1999-ல் விஎம்வேர் கொண்டுவந்தது. ஆன்டிவைரஸ் வேறு வழியில் வளர்ந்தது. 1986-ல் லாகூர் சகோதரர்கள் இருவர் எழுதிய பிரெயின் வைரஸ் ஃபிளாப்பி வழியே உலகம் சுற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆன்டிவைரஸ் ஒரு தொழிலாகவே ஆனது. 1991-ல் சென்னையிலும் கே7 தொடங்கியது. வைரஸ் ஆழமாக ஒளிய ஒளிய, காவல்காரரும் கணினியின் அடித்தளம் வரை இறங்கினார்.

மோதலுக்கான இடம் 2005-ல் அமைந்தது. மெய்நிகர் கணினிக்கென்றே ஒரு வசதியை இன்டெல் தன் சிப்பில் வைத்தது. அதன் பெயர் விடி-எக்ஸ். மறு ஆண்டு ஏஎம்டியும் வைத்தது. இதை நம்மூர் மடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் சாவி ஒருவர் கையில்தான் இருக்க முடியும். 2006-ல் ஜோன்னா ருட்கோவ்ஸ்கா என்ற ஆய்வாளர், தீய நிரல் ஒன்று அந்த மடையைப் பிடித்துக்கொண்டால் விண்டோஸுக்கே தெரியாமல் அதன் அடியில் உட்காரலாம் என்று செய்து காட்டினார். பின்னாளில் சில ஆன்டிவைரஸ்களும் பாதுகாப்புக்காக அதே வசதியைப் பயன்படுத்தத் தொடங்கின. 2015-ல் விண்டோஸ் 10-ம் தன் பாதுகாப்புக்கு அதை எடுத்துக்கொண்டது. முதலில் சாவி எடுத்தவர் இருக்க, பின்னால் வந்தவருக்கு "விடி-எக்ஸ் கிடைக்கவில்லை" என்ற செய்திதான் வரும்.

இன்னொரு சண்டையும் உண்டு. 2014-ல் வெர்ச்சுவல்பாக்ஸ், தனக்குள் வேறு நிரல் நுழையக் கூடாது என்று கதவை இறுக்கியது. எல்லா நிரலுக்குள்ளும் நுழைந்து பார்ப்பதே ஆன்டிவைரஸின் வேலை. காவல்காரரையே திருடன் என்று வெளியே தள்ளியதால் பலருக்கு மெய்நிகர் கணினி திறக்காமல் போனது. இதில் இருவர் மேலும் குற்றமில்லை.

இந்தக் கதை தெரிந்தால் தீர்வும் தெரியும். டாஸ்க் மேனேஜரில் வெர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் இயக்க வேண்டும். பிறகு ஆன்டிவைரஸ் அமைப்புகளில் ஹார்டுவேர் வெர்ச்சுவலைசேஷன் என்ற ஒன்றை மட்டும் நிறுத்தி, கணினியை மறுபடி இயக்குங்கள். அப்படியும் ஓடாவிட்டால் மெய்நிகர் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதன் கோப்புறைக்கு விதிவிலக்கு கொடுங்கள். கடைசியாக, விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டக்ரிட்டியைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விதிவிலக்கு கொடுத்த இடத்தை யாரும் காக்க மாட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. உள்ளே ஓடும் அதற்கு இணையம் கொடுக்கவே கூடாது.

மருமகன் இரண்டாவது படியிலேயே வென்றுவிட்டான். அத்தானின் எழுத்து திரையில் வந்தபோது என் தங்கை எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். இப்போது அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் பழைய ஃபிளாப்பி, குறுந்தகடு இருக்கும். ஏதாவது செய்து பார்ப்பதற்கு முன்னால் முதலில் ஒரு நகல் எடுங்கள். தடுக்கிற காவல்காரரை வீட்டை விட்டே அனுப்பிவிடாதீர்கள். அவர் எதைத் தடுக்கிறார் என்று கேட்டு, அந்த ஒரு கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்