ஊசித்துளைப் படமும் மங்கிய மோதிரமும்: ராண்ட்ஜனின் முதல் அறிக்கை குறித்து ஒரு மறுவாசிப்பு

மருத்துவ ஊடுகதிர்ப் படத்தின் தரத்தை ஆளும் காரணிகளுள் குவியப் புள்ளியின் அளவு, அதாவது எக்ஸ் கதிர்கள் பிறக்கும் இடத்தின் அகலம், பிற்காலத்தார் கண்டுணர்ந்த ஒன்று என்பது இத்துறையின் வரலாற்றாய்வில் வேரூன்றிவிட்ட கருத்து. 1895 டிசம்பர் 22 அன்று வூர்ட்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையை எடுத்த படம் மங்கியிருப்பதற்கு, ஏறத்தாழக் கால் மணி நேரம் நீண்ட கதிர்பாய்ச்சலின்போது கை அசைந்ததே காரணம் என்றும், ராண்ட்ஜன் கதிர்களின் இயல்பை நாடினாரேயன்றிப் படத்தின் கூர்மையைப் பொருட்படுத்தவில்லை என்றும் இக்கருத்தினர் கொள்வர். அவரது முதல் அறிக்கையில் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும் ஊசித்துளைப் படத்தை உரிய இடத்தில் வைத்து வாசித்தால், இவ்விரண்டு கூற்றும் நிலைப்பது அரிது.

டிசம்பர் 28 அன்று வூர்ட்ஸ்பர்க் இயற்பிய மருத்துவக் கழகத்திடம் அளித்த அவ்வறிக்கையில், கருந்தாள் சுற்றிய மின்னிறக்கக் குழாயையே ஊசித்துளை வழியாகப் படமெடுத்ததாகவும், படம் வெளிறியிருந்தாலும் அது காட்டுவதில் ஐயமில்லை எனவும் ராண்ட்ஜன் குறிக்கிறார். கதிர்கள் நேர்கோட்டில் செல்கின்றன என்பதற்குச் சான்றாகவே அவர் அதை முன்வைத்தார். ஆய்வாளர்களும் அந்தப் பயனோடு நிறுத்திக்கொண்டனர். ஆனால் ஊசித்துளை படமாக்குவது இடைப்பட்ட பொருளை அன்று, கதிர் பிறக்கும் இடத்தை. அதே அறிக்கையில் சற்று முன்னதாக, குழாயின் கண்ணாடிச் சுவரில் மிகுதியாக ஒளிரும் இடமே கதிர்களின் முதன்மை மையம் என்றும், எதிர்மின்வாய்க் கதிர்களைக் காந்தத்தால் விலக்கினால் அம்மையமும் இடம் மாறுகிறது என்றும் அவர் நிறுவியிருந்தார். இக்கூற்றுகளை ஊசித்துளை வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்கும்போது, மூலம் எங்குள்ளது என்பதை அறிந்த ஒருவர் அதன் வடிவத்தையும் தட்டில் பதித்துப் பார்த்திருக்கிறார் என்பது புலனாகிறது. அதைக் குவியப் புள்ளியின் முதல் படம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மூலத்தின் அகலம் படத்தைக் கெடுக்கும் வழி எளியது. மூலம் ஒரு புள்ளியாக இருந்தால் எலும்பின் ஓரம் தட்டில் ஒரே கோடாக விழும். அது பரப்பாக விரிந்திருந்தால், பரப்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே நிழல் வீழ்த்த, ஓரம் புறநிழல் எனப்படும் மங்கிய பட்டையாகக் கரையும். மூலத்தின் அகலத்தைப் பொருளுக்கும் தட்டுக்கும் இடையிலான தொலைவால் பெருக்கி, மூலத்துக்கும் பொருளுக்கும் இடையிலான தொலைவால் வகுத்தால் அப்பட்டையின் அகலம் கிடைக்கும். விளக்கத்துக்காக மூலம் 10 மி.மீ. அகலமுடையது, தட்டிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருப்பது எனக் கொள்ளலாம். விரலில் உள்ள மோதிரத்தின் மேல்வளைவு தட்டிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் இருந்தால் அதன் புறநிழல் 0.53 மி.மீ.; தட்டை ஒட்டி 3 மி.மீ. உயரத்தில் உள்ள கீழ்வளைவின் புறநிழலோ 0.1 மி.மீ. மட்டுமே. கை அசைந்ததால் வரும் மங்கல் இவ்வாறு உயரத்துக்கு ஏற்பக் கூடிக் குறையாது. மோதிரம் விரலோடு சேர்ந்தே அசைவதால் இரு வளைவுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்க வேண்டும். பெர்த்தாவின் மோதிரம் ஓரம் கரைந்த தடித்த கரும்பட்டையாகத் தெரிவதை அசைவின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது என்பதற்கு இவ்வேறுபாடே அடிப்படை. மேலும், பெட்டிக்குள் வைத்த எடைக்கற்களையும் மரச்சுருளில் சுற்றிய கம்பியையும் ராண்ட்ஜன் படமெடுத்தார். அவற்றின் நிழலோரத்தில் காணும் எந்த மங்கலுக்கும் அசைவைக் காரணமாகக் காட்ட இடமே இல்லை.

அசைவே காரணம் என்போர் 1896 ஜனவரி 23 அன்று எடுக்கப்பட்ட உடற்கூற்றியலாளர் கோலிக்கரின் கைப்படத்தை, அசையாத கை தெளிவாகப் பதியும் என்பதற்குத் தம் பக்கச் சான்றாகக் காட்டுவதுண்டு. அப்படம் தெளிவானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது நிறைந்த அவையின் முன் நீட்டப்பட்ட 78 வயது முதியவரின் கை. ஐம்பதுகளில் இருந்த பெர்த்தாவின் கையைவிட அது அசையாமல் இருந்தது என்று நம்ப என்ன முகாந்திரம் உள்ளது?

1896 மார்ச் 9 நாளிட்ட இரண்டாம் அறிக்கை இவ்வாசிப்புக்கு வலுவூட்டுகிறது. அலுமினியக் குழியாடியை எதிர்மின்வாயாகவும், அவ்வாடியின் வளைவு மையத்தில் 45 பாகை சாய்த்து வைத்த பிளாட்டினத் தகட்டை நேர்மின்வாயாகவும் கொண்ட குழாயைச் சில வாரங்களாகப் பயன்படுத்திவருவதாக ராண்ட்ஜன் அதில் எழுதுகிறார். இச்சொற்கள் ஜனவரி 23 வரை பின்னோக்கிச் செல்கின்றன என்று வலியுறுத்த முடியாது. கோலிக்கரின் படம் அக்குழாயால் எடுக்கப்பட்டது என்பது இங்கு முன்வைக்கப்படவும் இல்லை. பிளாட்டினத்தை அவர் பரிந்துரைப்பது கதிர்களின் செறிவுக்காக என்பதும் உண்மையே. ஆயினும் செறிவு மட்டுமே நோக்கமாயின், எதிர்மின்வாய்க் கதிர்கள் முழுவதையும் ஏற்கும் அகன்ற தகடு போதும்; அவற்றை ஒரு புள்ளியில் குவிப்பதால் பிறக்கும் எக்ஸ் கதிரின் மொத்த அளவு கூடாது, தகடுதான் சூடேறும். உலோகத்தின் தேர்வு செறிவைச் சொல்கிறது என்றால், அதை வைத்த இடம் கூர்மையைச் சொல்கிறது. மூலத்தின் வடிவத்தை முதல் அறிக்கைக்கு முன்பே ஊசித்துளையில் பார்த்தவர் அவ்விடத்தைத் தற்செயலாகத் தேர்ந்தார் என்பது நம்பத்தக்கதன்று.

குழியாடி எதிர்மின்வாயைக் குரூக்ஸ் முன்பே கையாண்டார், குவியக் குழாயை லண்டனில் ஜாக்சன் அதே 1896-இல் அமைத்தார் என்ற மறுப்பு முதலுரிமை பற்றியது. இங்கு அது பொருந்தாது. அக்காலத் தட்டின் வெள்ளித் துகள்களே மங்கலுக்குக் காரணம் என்பதும் ஏற்கத்தக்கதன்று. அரை மில்லிமீட்டர் புறநிழலின் முன் அத்துகள்கள் மிகச் சிறியவை.

அசைவையும் குவியத்தையும் தொடர்பற்ற இரு காரணிகளாகப் பிரித்ததே பழைய வாசிப்பின் மூலப்பிழை எனலாம். குவியத்தைச் சிறிதாக்கினால் ஒரே இடத்தில் சூடு திரண்டு உலோகம் உருகும்; அதைத் தவிர்க்க மின்னோட்டத்தைக் குறைத்தால் கதிர்பாய்ச்சும் நேரம் நீளும், நேரம் நீண்டால் அசைவு புகும். 1913-இல் வந்த கூலிட்ஜின் டங்ஸ்டன் குழாயும், பின்னர் வந்த சுழல் நேர்மின்வாயும் இச்சிக்கலைத் தளர்த்தினவேயன்றி அறுக்கவில்லை. மருத்துவமனைக் குழாய்களில் சிறிதும் பெரிதுமாக இரு குவியங்கள் வைக்கப்படுவது இதனால்தான். அவற்றின் அளவைச் சோதிக்கும் வழிகளில் ஒன்று, கன உலோகத் தகட்டில் இட்ட நுண்துளை வழியாகக் குழாயையே படமெடுப்பது.