சிறுமின்வலைக் காப்பு: நூற்பாவும் உரையும்

தனித்துநின்ற சிறுவலையுள் பிழையோட்டம் சிறிதே;
ஆகலின் இருநிலைக்கும் இருகாப்பு வகுக்க;
ஊறுற்ற கிளையே அறுக்க;
மண்ணிணைப்பு யாண்டும் விடற்க.

இஃது என் நுதலிற்றோவெனின், சூரியத் தகடும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டு இயங்கும் சிற்றூர் மின்வலையைப் பழுதினின்று காக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

தனித்துநின்ற என்பது மின்வாரியத் தொடரினின்று பிரிந்து தானே இயங்குதல். யாழ்ப்பாணத்து எழுவைதீவு வலை எக்காலும் தனித்தது. திருப்புட்குழித் தறித்தெருவிற்கு ஒரு வலை அமைப்பின், அது கரண்டு நின்றபொழுதே தனித்ததாம். பிரியுங்கால் இணைப்பை முதற்கண் துண்டிக்க என்பதும் இதனாற் கொள்க. இன்றேல் கம்பமேறிய லைன்மேனுக்கு உயிரிறுதி நேரும்.

பிழையோட்டம் என்பது கம்பியொடு கம்பியோ மண்ணோ தீண்டியவழிப் பாய்வது. சிறிதே என்னும் ஏகாரம் தேற்றம். என்னை? சுழலும் ஜெனரேட்டர் பழுதின்கண் பன்மடங்கு ஓட்டம் ஈயும். இன்வெர்ட்டரோ தன் உறுப்பு வெந்தழியாமைப்பொருட்டுப் பெரும்பாலும் இருமடங்கிற்குள் அடங்கும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டில் ஈவது ஏறத்தாழ 22 ஆம்பியர், இருமடங்காயினும் 44. ஆண்டுள்ள 25 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழுதற்கு 125 முதல் 250 ஆம்பியர் வேண்டும். எனவே ஷார்ட் ஆகியும் அது உடனே விழாது நிற்கும். ஓட்டம் சிறிதெனின் தீங்கும் சிறிதெனக் கொள்ளற்க. அறியப்படாது நின்ற பழுதே தீயாவது.

ஆகலின் என்றது மேலதனை ஏதுவாக்கிற்று. இருகாப்பு ஆவன: தொடரோடு கூடியவழி மிகையோட்டம் நோக்குவதும், பிரிந்தவழி மின்னழுத்தத்தின் வீழ்ச்சி நோக்கும் ரிலேயும்.

கிளையே என்னும் ஏகாரம் பிரிநிலை. பாவில் ஓரிழை அற்றால் நெசவாளர் அவ்விழையைத் தேடிப் பிணைப்பரன்றிப் பாவு முழுதும் அறுப்பாரல்லர்; அதுபோலக் கொள்க. ஆகவே கிளைக்காப்பு முந்தவும் மூலக்காப்பு பிந்தவும் நேரம் அமைக்க என்பது பெற்றாம்.

மண்ணிணைப்பு என்பது எர்த். யாண்டும் என்றமையால் இருநிலையும் அடங்கின. மின்வாரியத்தின் எர்த்தையே நம்பிய வலை, பிரிந்தவழி அதனை இழக்கும். இழப்பின், 30 மில்லியாம்பியர் கசிவிற்கே விழும் ஆர்.சி.சி.பி.யும் விழாதொழியும். ஆதலின் தனிநிலையில் இன்வெர்ட்டரின் நியூட்ரலை மண்ணொடு பிணைக்க. விடற்க என எதிர்மறை வியங்கோளாற் கூறியது, இதன்கண் விலக்கின்மை தோன்ற. இதனை இறுதிக்கண் வைத்தது என்னையெனின், குழித்தறியுள் வெறுங்கால் மண்ணில் ஊன்றி மிதிப்பார் உயிர் இதன்மேல் நிற்றலின் என்க.